கம்பி விற்ற காசு

இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனைக் கடைகளுக்கும் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கரண்டு விற்கிற ஒரு சின்னக் கம்பனியில், 1958இல் நான் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். சேர்ந்த மறுமாதமே முதலாளி சிவசாமி கூப்பிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"வியாகுலம், அஞ்சு வருசமா நம்ம லாபம் ஏறிக்கிட்டே போகுது. ஏன்னு விவரமா எழுதித் தாங்க. பேங்க்குல காட்டணும்."

பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறுவதாவது! தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த எஞ்சின் வைத்துக்கொண்டு எங்களை விட்டுப் போயிருந்தன. கரண்டு விற்ற வருமானம் வருசா வருசம் இறங்கியிருந்தது. அந்தத் தோட்டங்களுக்கு இழுத்திருந்த செம்புக் கம்பியை அறுத்து விற்ற காசையும் அதோடு சேர்த்துக் கூட்டி, லாபம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னேன்.

"எதை வித்தா என்ன? காசு காசுதானே?" என்றார்.

"கொழுந்த வித்தா அடுத்த வாரமும் கொழுந்து வருங்க. செடியையே புடுங்கி வெறகுக்கு வித்துட்டு, இந்த வருசம் நல்ல வெளைச்சல்னு சொல்லுவீங்களா?" என்று கத்தியே விட்டேன்.

முதலாளி கணக்கை வாங்கி, கம்பி விற்ற வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பாவம், புரிந்துவிட்டது என்று நினைத்தேன். முதலாளியிடம் குரலை உயர்த்தியது வெட்கமாகக்கூட இருந்தது.

"நீங்க சொல்றது சரிதான். இனி விக்கக் கம்பியும் இல்ல" என்றார். பிறகு மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நீங்க உக்காந்திருக்கிறது தேக்கு நாற்காலிதானே?"