எடை குறைத்த சைக்கிள்

சைக்கிளில் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பூட்டிய நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு எடைதான் எதிரி. வேகம் கூட வேண்டுமென்று ஸ்டாண்டு, மட்கார்டு, கிளட்ச், கடைசியில் இன்ஜினை அணைக்கும் சுவிட்சைக்கூடக் கழற்றிவிட்டார். குறைக்காமல் விட்டது தன் தொந்தியை மட்டும்தான்.

இன்று வண்டியைத் தள்ளி ஏறியதும் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது. வண்டி அலறிக்கொண்டு எங்கள் காலனியையே வட்டமடித்தது. பிரேக் பிடித்ததில் புகை வந்ததுதான் மிச்சம்.

“நிக்க மாட்டேங்குது!” என்று கத்தியபடி என்னைக் கடந்து போனார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த சுற்றில், “பயப்படாதே!” என்றார்.

அதற்கடுத்த சுற்றில், “அரை டம்ளர் பெட்ரோல்தான் ஊத்தியிருக்கேன், தானா நின்னுடும்!”

சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அவர் மறுபடி வரும்வரை காத்திருந்து கத்தினேன்:

“பாவம், பாதியிலே நின்னு தள்ளிட்டு வருவீங்களேன்னு, டேங்க் நிறைய ஊத்திட்டேங்க!”