கடைசிக் குளோரின்

அத்தானுடைய டிரை கிளீனிங் கடையில் தரைக்குள் புதைத்திருந்த தொட்டி எப்போது விரிசல் விட்டதோ, யாருக்கும் தெரியாது. துணி வெளுக்கும் திரவம் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகள் வரை போய்விட்டது. கிணறுகளுக்குப் பூட்டு விழுந்தது. அன்றிலிருந்து அத்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதையே விட்டுவிட்டார்.

அவருடைய மனைவியின் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. மேலதிகாரியிடம் மன்றாடி அனுமதி வாங்கி, கடையின் பின்புறம் ஆழமாகக் குழாய் இறக்கி, ஒருவகை பாக்டீரியாவை உள்ளே விட்டாள்.

"அந்தத் திரவத்துல ஒவ்வொரு மூலக்கூறுலயும் நாலு குளோரின் ஒட்டிக்கிட்டிருக்கு அத்தான். இதுங்களோட என்சைம் அதை ஒண்ணொண்ணா கழட்டிடும்."

"இதுங்களுக்கு யாரும்மா அதைச் சொல்லிக் குடுத்தது?"

"கடல்பாசி, பூஞ்சைன்னு எத்தனையோ இருக்கு. தின்ன வர்றதை விரட்டுறதுக்காக, குளோரினையும் புரோமினையும் தானே ஒட்டவச்சு விஷம் தயாரிக்கும். ஒட்டுறதுக்கு என்சைம் இருந்தா, கழட்டுறதுக்கும் ஒண்ணு வந்துதானே ஆகணும்?"

"அப்போ இந்த விஷத் தொழில்ல எனக்கு முன்னாடியே ஆள் இருக்குன்னு சொல்லு" என்றார் அத்தான். பக்கத்தில் நின்ற அக்கா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

முதல் மூன்று குளோரினும் மளமளவென்று கழன்றன. நாலாவது அசையவில்லை. ஒற்றைக் குளோரினோடு நிற்கும் பொருள் பழைய திரவத்தைவிடப் பொல்லாதது. அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் கடையை இடித்து மண்ணையே தோண்டி எடுக்க வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாள். அதைச் சின்னவள் அக்காவிடம் சொல்லாமல் மறைத்தாள்.

மனசு கேட்காமல் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனாள். பின்புறத்தில் அத்தான் குழாயின் மூடியைத் திறந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை உள்ளே செருகியிருந்தார். வாயில் ஏதோ பாட்டு வேறு.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"பாவம், மாடா உழைக்குதுங்க. தாகம் எடுக்காதா? அதான் மூணு கழண்டதிலேர்ந்து தினமும் கொஞ்சம் நல்ல தண்ணி."

"ஐயோ! இதுங்களுக்குக் காத்துப் பட்டாலே ஆகாது. இந்தத் தண்ணியில கிருமியைக் கொல்லன்னே குளோரின் வேற கலக்குறாங்க!"

அத்தான் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவி இருவர் காலையும் நனைத்தது. "அப்போ நான்தான் கொன்னுட்டேனா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சின்னவளோ அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாக்டீரியா மேல் ஒரு குற்றமும் இல்லை! கணக்கு தப்பவில்லை. இடிக்க வேண்டியது எதுவும் இல்லை. "விடுங்க அத்தான். மறுபடியும் கொண்டுவந்து விடலாம். நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராம இருந்தா போதும்."

மேலதிகாரி திட்டிவிட்டு அவகாசம் கொடுத்தாள். குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி அக்காவின் இடுப்புக்குப் போனது. அத்தான் சும்மா எட்டிப் பார்த்தால்கூட, "தண்ணி காட்டப் போறீங்களா?" என்று அதட்டினாள்.

அடுத்த சோதனை நாளில் சின்னவள் கருவியின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒற்றைக் குளோரின் பொருளைக் காட்டும் கோடு படுத்தேவிட்டது. உடனே போனை எடுத்தாள்.

"அத்தான், கழண்டுடுச்சு."

"மிச்சம் என்னம்மா இருக்கு?"

"எத்திலீன். பழத்தைப் பழுக்க வைக்குமே, அந்த வாயு. அதையும் மண்ணுல இருக்கிறதுங்களே தின்னுடும்."

பிறகு கிணறுகளையும் சோதித்தார்கள். சுத்தம். பக்கத்து வீட்டில் ஒரு பஸ் டிரைவர். கிணறு மூடிய நாள்முதல் அத்தானோடு பேச்சை நிறுத்தியவர். அவரிடம் தானே போய்ச் சொல்வதாக அத்தான் கிளம்பினார். அக்காவும் சின்னவளும் வாசலிலேயே நின்றார்கள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"என்னங்க சொன்னார்?"

"கிணத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. உள்ள வந்து உட்காருங்கன்னார்."