மிச்சமிருந்த ப்ராசசர்

ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள் ரீத்தா. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. கனடாவில், ஏரிக்கரையிலிருக்கும் தண்டர் பே ஊரில் ஜனவரி மாதம் ஜன்னலைத் திறந்து போடுகிறவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேசிவிட்டுப் போகட்டும். மேசைமேல், பக்கத் தகடு கழற்றப்பட்ட கம்ப்யூட்டர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. ப்ராசசரின் சூடு எண்பத்தெட்டு என்று திரை சொன்னது. பிறகு தொண்ணூற்றொன்று. ஏரிக் காற்று நேராக வந்து அதன்மேல் மோதியும் அதற்கு உறைக்கவில்லை. தொண்ணூற்றைந்தைத் தொட்டதும் திரை கறுத்தது, ஃபேன்கள் அடங்கின.

"நாசமாப் போக" என்றாள்.

அன்று சாயங்காலம், பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பின் மாடியில் கூட்டம். கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த வேகம் போதாதென்று, ப்ராசசரை அதற்கு மேலே முடுக்கி ஓட்டிப் பார்க்கிற பைத்தியங்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடும். எல்லா மெஷினிலும் ஒரே கணக்கை ஓடவிடுவார்கள். சூடு தாங்காமல் எது அணைகிறதோ அதை அதன் சொந்தக்காரர் மேசையிலிருந்து தூக்கித் தரையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் கைதட்டுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தரைக்குப் போவது ஒரே மெஷினாக இருந்தால் அதன் சொந்தக்காரிக்கு எப்படி இருக்கும்? போன கூட்டத்தில், அவள் குனிந்து அதைத் தரையில் வைத்தபோது, டக் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "அதுவும் ரீத்தா மாதிரிதாம்ப்பா. தொட்டாலே சூடாயிடும்." டக் அவளுடைய முன்னாள் கணவன். மாடியே சிரித்தது. ரீத்தாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, தானும் சிரித்ததை.

போன் அடித்தது. அவனேதான்.

"கார எடுத்துட்டு அந்தப் பக்கம் வருவேன். உன் மெஷினையும் ஏத்திக்கவா?"

"வேண்டாம்."

"ஜன்னல் தொறந்திருக்கா? காத்துச் சத்தம் இங்க கேக்குது. ரீத்தா, நான் ஒண்ணு சொன்னா கேளு. வேகத்தக் கொறச்சு வச்சு ஓட்டு. இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு. அது பொறக்கும்போதே அப்படித்தான். அத வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

"என் வீட்ல என்ன வேணா பண்ணுவேன்."

"அம்மா தாயே, நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று அவன் சிரித்தான். அவள் போனை வைத்தாள்.

அந்த ப்ராசசருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கல்யாண வாழ்க்கையின் கடைசி வசந்தத்தில் இருவருமாக ஒரே கடையில், ஒரே ரகத்தில் இரண்டு வாங்கினார்கள். பெட்டியும் விலையும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுபோல் இருக்காது. ஒன்று குளிர்ச்சியாக ஓடும், இன்னொன்று கொதிக்கும், அது அவரவர் அதிர்ஷ்டம். அதனால் இந்தப் பைத்தியங்கள் கிடைத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்து நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள். பிரியும்போது படகு அவனுக்கு, வீடு அவளுக்கு என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டுதான் பாக்கி. டக் இதே மேசையில் இரண்டையும் அதனதன் போர்டில் பூட்டி, சூட்டை இழுக்கும் கூலரை மேலே மாட்டி, ஓடவிட்டான். "இது நல்லது, இது சுமார்" என்று சொல்லி நல்லதை எடுத்துக்கொண்டான். அவள் மறுத்துப் பேசவில்லை. திரையில் எண்ணே சொல்லும்போது என்ன பேசுவது?

அன்றிலிருந்து சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டாள். ஃபேன்களை மாற்றினாள், மின்னழுத்தத்தைக் குறைத்தாள், தகட்டைக் கழற்றினாள், கடைசியில் ஜன்னலையும் திறந்தாள். ப்ராசசர்மேல் உட்கார்ந்திருந்த கூலரை மட்டும் தொடவில்லை. சூட்டைக் கடத்துவதற்காக இடையில் தடவிய பேஸ்ட் நாளானால் பசை மாதிரி இறுகிவிடும். கூலரைப் பிடித்து இழுத்தால் ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து, அடியிலிருக்கும் ஊசிக்கால்கள் வளைந்துவிடும். போகும்போது டக் சொல்லிவிட்டுத்தான் போனான், அதை மட்டும் தொடாதே, ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான் என்று.

ரீத்தாவுக்கு வேலை துறைமுகத்துத் தானியக் கிடங்கில், கன்வேயர்களைப் பழுது பார்ப்பது. அங்கே ஒரு பேரிங் சூடாகிறது என்று யாராவது வந்து நின்றால் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஒழுங்கா உக்காந்திருக்கான்னு பாத்தியா?" என்பதுதான். பார்க்காமல் பேரிங்கைக் குறை சொல்கிறவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் இதை ஏன் பார்க்கவில்லை? கறுத்த திரையில் தன் தொப்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"வளைஞ்சா வளையட்டும். எப்படியும் தூக்கிப் போடச் சொன்னதுதான?" என்று வாய்விட்டே சொன்னாள்.

மெஷினை மறுபடி ஓடவிட்டு, பேஸ்ட் இளகும் அளவுக்குக் கொதிக்கவைத்து அணைத்தாள். இத்தனை நாள் அவமானப்படுத்திய சூட்டுக்கு இப்போதுதான் ஒரு உபயோகம். திருகாணிகளை எடுத்தாள். கூலரை இழுக்காமல், ஒட்டிக்கொண்ட ஜாடி மூடியைப்போல இடதும் வலதுமாகத் திருகினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். சளக்கென்று விடுபட்டுக் கையோடு வந்தது. ப்ராசசர் தன் இடத்திலேயே இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பேஸ்ட் நசுங்கி, உலோகமே தெரிந்தது. எதிர் மூலையில், பெர்ஷியன் பன்மேல் தடவிய சர்க்கரைப் பூச்சு மாதிரி தடிமனாக, ஒருநாளும் அழுத்தமே படாமல் அப்படியே இருந்தது. கூலர் கோணலாக உட்கார்ந்திருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. அதைத் தாங்கும் நான்கு கால்களில் ஒன்று மட்டும் நூலளவு உயரம். இரண்டு வகைப் போர்டுகளுக்கும் சேர்த்துப் பெட்டியில் இரண்டு வகைக் கால்கள் வரும். டக் அவசரத்தில் ஒன்றை மாற்றிப் போட்டிருக்கிறான். சரியான கால், மிச்சங்களை அவன் வாரிப் போட்ட காபி டின்னில் கிடந்தது.

வேண்டுமென்று செய்தானா? இல்லை. சதி செய்யும் அளவுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது. முதலாவது அவனுக்குப் பிடித்துப்போயிற்று, இரண்டாவதை ஒப்புக்குப் பார்த்தான். அதை அவள் மன்னித்துவிடுவாள். அவன் ஒப்புக்குச் சொன்னதை நம்பி, இரண்டு குளிர்காலம் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாளே, அதற்காகத் தன்னை மன்னிக்கத்தான் முடியவில்லை. ஆத்திரத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு கூலரின் காலை மாற்றினாள். பழைய பேஸ்ட்டை வழித்தெடுத்து, புதிது வைத்து, திருகாணிகளைக் மூலைக்கு மூலை குறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்கினாள்.

வேகத்தைக் குறைக்கவில்லை. இருந்ததற்கு மேல் ஒரு படி ஏற்றியே வைத்தாள்.

அறுபத்தைந்து. அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் தாமாகவே வேகம் தணிந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து, பெரிதாகச் சிரித்தாள். இந்தச் சிரிப்பை யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

மறுபடி போன். "கீழதான் நிக்கிறேன். மேல வரவா? ஆமா, என்ன சத்தத்தையே காணோம்? ஆஃப் பண்ணிட்டியா? நல்லதாப் போச்சு. இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"

அவள் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் கொண்டுபோய்ச் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு எடுத்தாள்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு, டக்."

"எந்த வேகத்துல?"

சொன்னாள்.

"பொய் சொல்ற."

"கிளப்புல வந்து பாரு."

"என்ன பண்ண? பேஸ்ட் மாத்தினியா? ரீத்தா, என்னதான் பண்ண, சொல்லு."

கூலரிலிருந்து கழற்றிய அந்த உயரமான கால் அவள் உள்ளங்கையில் கிடந்தது. சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நீ முன்னால போ. போய்த் தரையில ஒரு எடம் பிடிச்சு வை. என் பழைய எடத்தையே எடுத்துக்க, நல்ல எடம்தான்."

போனை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கீழ்ச் சட்டத்தில் பனி இறுகிக் கிடந்ததால் அது மூட மறுத்தது. கை முஷ்டியால் பனியை உடைத்துத் தள்ளி, தோளைக் கொடுத்து அழுத்தினாள். கீழே, தெருவில், டக்கின் கார் இன்னும் புகைவிட்டபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அவள் கொண்டியைப் போட்டாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். கோட்டின் பொத்தான்களை, மேலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் அவிழ்க்கத் தொடங்கினாள்.