மூன்றாவது சரணம்

டீ-ஷர்ட் யோசனை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளஞ்சிவப்பில் மூன்று டீ-ஷர்ட், மூன்றிலும் குறுக்கே வெள்ளை எழுத்தில் 'உன் பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும்' என்று ஒரு வரி. கல்யாணப் பெண் லீட்டாவே அச்சடிக்கக் கொடுத்து வாங்கி வந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற டால்டன் அவளுக்காக எழுதிய பாட்டின் வரி அது. அதை மாட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் சனிக்கிழமை காலை நாஷ்வில்லுக்குப் புறப்பட்டோம்.

மூன்று பேர் என்றால் லீட்டா, கார்லீன், நான். அலபாமாவில் டிகேட்டர்தான் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிகிறவர்கள். கார்லீன்தான் கல்யாணத்தன்று லீட்டாவின் பக்கத்தில் பூச்செண்டு பிடித்து நிற்கப் போகிறவள், கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் சேர்ந்து கூத்தடிக்கிற இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததும் அவள்தான். நான் ட்ரீனா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். அதனால் எங்கே போனாலும் ஸ்டீயரிங் என் தலையில்தான் விழும்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன நவம்பரில், நன்றி நாள் விருந்து முடிந்து எல்லோரும் வான்கோழியைச் செரிக்க முடியாமல் சாய்ந்து கிடந்தபோது, டால்டன் கிடாரை எடுத்தான். லீட்டா வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் இரண்டு சரணம் பாடினான். டிரக்கில் பக்கத்து இருக்கையில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வருகிற பெண்ணைப் பற்றிய பாட்டு. பாடி முடித்து மண்டியிட்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றான்.

லீட்டாவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மூணாவது சரணம் எங்கப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து கன்ட்ரி பாட்டுகளில் மூன்றாவது சரணத்தில்தான் கதை திரும்பும். அது இல்லாத பாட்டு பாதியில் விட்ட சாப்பாடு மாதிரி.

"அதை நாங்க வாழ்ந்துதான் எழுதணும், மாமா," என்றான் டால்டன்.

அவ்வளவுதான், வீடே அழுதது. நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் திரும்பக் கிடைத்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

டால்டன் நாஷ்வில்லில் இரண்டு வருடம் பாட்டுக்காரனாக முட்டி மோதிப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து டயர் கடையில் சேர்ந்தவன். அங்கே போகிறோம் என்றதும் முகம் சுளித்தான். "கடற்கரைக்குப் போங்களேன். அங்க ஒரே கூட்டம், சத்தம்," என்றான். கார்லீன்தான் விடவில்லை. "பாட்டுக்காரன் பொண்டாட்டியாகப் போறவ பாட்டு ஊருக்குப் போகாம வேற எங்க போவா?" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

நாஷ்வில்லின் பிராட்வே தெரு வழக்கம்போல இருந்தது. காலை பதினோரு மணிக்கே ஒவ்வொரு மதுக்கடைக்குள்ளும் ஒரு டிரம்ஸ் முழங்கிக்கொண்டிருந்தது. தெருவெங்கும் எங்களைப் போலவே தோழிகளோடு வந்த கல்யாணப் பெண்கள், வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ். பெடல் மிதித்துக்கொண்டே பீர் குடிக்கிற வண்டியில் ஏறினோம். மிதித்தது நான் ஒருத்திதான், மற்ற இரண்டு பேரும் குடித்தார்கள். மத்தியானம் காரக் கோழி சாப்பிட்டோம். லீட்டா இருப்பதிலேயே அதிகக் காரத்தைக் கேட்டு வாங்கிவிட்டு மூக்கும் கண்ணும் ஒழுக உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணத்துக்கு அழ வேண்டியதை எல்லாம் கோழிக்கே அழுதுட்டியேடி," என்றேன்.

"உன் வாயில இந்தக் கோழியைத் திணிக்கணும்," என்றாள் லீட்டா. கார்லீன் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் சிரிப்பு அரைப்படியாகத்தான் இருந்தது. தலைவலி என்றாள், நம்பினேன்.

சாயங்காலத்துக்குக் கார்லீன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். ஊருக்கு வெளியே, கடைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கூடம். பாட்டு எழுதுகிறவர்கள் நான்கு பேர் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்து, பாட்டு பிறந்த கதையைச் சொல்லிச் சொல்லிப் பாடுவார்கள். அங்கே சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கோப்பையைக்கூட மெதுவாகத்தான் வைக்க வேண்டும். பேருந்தில் நாற்பது வாண்டுகளை அடக்குகிற எனக்கு அந்த அமைதி சொர்க்கமாக இருந்தது.

நான்கு பேரில் ஒருவர் பெரியவர், ஹார்லன் என்று பெயர். தாடி, பழைய கோட்டு. தன் முறை வந்ததும் கிடாரை எடுத்தவர் எங்கள் மேஜையைப் பார்த்து அப்படியே கையை நிறுத்தினார்.

"கண்ணுங்களா, அதை எங்க பிடிச்சீங்க?" என்று எங்கள் டீ-ஷர்ட்டைக் காட்டினார். "என் பாட்டை இதுவரைக்கும் ஒருத்தன் ரேடியோவுல போட்டதில்ல. நீங்க மூணு பேரும் சட்டையிலயே போட்டுட்டு வந்திருக்கீங்க! வேற பாடலாம்னு இருந்தேன். இப்ப இதைப் பாடலைன்னா பாவம் பிடிக்கும்."

கூடம் மெதுவாகச் சிரித்தது. அவர் பாட ஆரம்பித்தார். அதே பாட்டு. அதே டிரக், அதே பக்கத்து இருக்கை, மேலே தூக்கி வைத்த அதே கால்கள்.

லீட்டா என் கையைப் பிடித்து நசுக்கினாள். "டால்டன் ஏற்பாடுடி இது!" என்று காதுக்குள் சொன்னாள். "அவனுக்குத் தெரிஞ்சவர் போல, 'என் பாட்டு'ன்னு சும்மா விளையாடுறார். எனக்காகப் பாடச் சொல்லியிருக்கான்!" அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு சரணம் முடிந்ததும் பெரியவர் தந்தியை மட்டும் மெல்ல மீட்டிக்கொண்டு கதைக்கு வந்தார். "என் பொண்டாட்டி ஐடாவுக்காக எழுதினது இது. ரெண்டு சரணம் அவ பக்கத்துல உக்காந்திருக்கும்போது எழுதினேன். மூணாவது, அவளை அடக்கம் பண்ணிட்டுத் தனியா வீட்டுக்கு வந்த அன்னிக்கு. ரெக்கார்டு பண்ண மனசு வரல. சனிக்கிழமைல இங்க பாடுறதோட சரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுப்பதற்குள் லீட்டா எழுந்துவிட்டாள்.

"ஐயா, மன்னிக்கணும். இது என்னைக் கட்டிக்கப் போறவர் எழுதின பாட்டு. நீங்க எங்க இருந்து எடுத்தீங்க?"

அந்த ஊரில் ஒருவரைக் கன்னத்தில் அறைந்தால்கூட மன்னிப்பார்கள். பாட்டுத் திருடன் என்று சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். கூடம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

பெரியவர் மீட்டுவதை நிறுத்தவில்லை. "அவர் பேரு என்ன தாயி?"

"டால்டன்."

"உசரமா, இடது கைப் பழக்கம்?" என்றார். "இங்கதான் மேஜை துடைச்சிட்டிருந்தான். நல்லா உத்துக் கேப்பான். மூணாவது சரணம் உனக்குப் பாடினானா?"

"மூணாவது கிடையாது," என்றாள் லீட்டா. அவள் குரல் இறங்கிவிட்டது.

"இருக்கு தாயி," என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

*நீ இறங்கிய இடத்தில் வண்டியை நிறுத்தினேன்,*
*கண்ணாடியை நானே மெல்ல ஏற்றிவிட்டேன்,*
*இனி மழை வெளியே பெய்துகொள்ளட்டும்.*

அப்போதுதான் நான் கார்லீனைப் பார்த்தேன். அவள் மேஜையை வெறித்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. பெரியவரோடு சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல், மூன்றாவது சரணத்தை அவளும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தான் பாடுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

லீட்டாவும் பார்த்துவிட்டாள்.

லீட்டா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லீட்டா.

கார்லீன் முகத்தில் ஈயாடவில்லை. "லீட்டா, நான்..."

"எப்படித் தெரியும்னு கேட்டேன்."

"டால்டன் பாடினான்." கார்லீன் எங்கள் வண்டியில் சாய்ந்துகொண்டாள். "வேலன்டைன் நாளுக்கு முந்தின வாரம். இதோட முடிச்சுக்கலாம்னு சொல்லி, ஆத்தங்கரையில டிரக்கை நிறுத்திப் பாடினான்."

"எதை முடிச்சுக்கலாம்னு?" என்று கேட்டது நான்தான். மர மண்டை எனக்கு.

அவள் டீ-ஷர்ட் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. நவம்பரில் மண்டியிட்டவன் பிப்ரவரி வரைக்கும் இவளோடு சுற்றியிருக்கிறான். எங்கள் மூன்று பேருக்குள்ளேயே. நான் தினமும் பேருந்தில் போகிற தெருக்களில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது.

"அந்தப் பாட்டுல இது மட்டும்தான் எனக்காக எழுதினதுன்னான்," என்று கார்லீன் விம்மினாள். "வேற யாருக்கும் தெரியாதுன்னான். நான் அதை நம்பி... செத்துப்போன பொண்டாட்டிக்கு எழுதினதுடி அது!"

எனக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மரம் மாதிரி நின்றேன். பக்கத்துச் சாலையில் ஒரு வண்டி நிறையக் கல்யாணப் பெண்கள் கத்திக்கொண்டே போனார்கள். எங்கள் டீ-ஷர்ட்டைப் பார்த்துக் கை வேறு ஆட்டினார்கள்.

லீட்டா அழவில்லை. தன் போனை எடுத்து, டால்டன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கார்லீன் வாயருகே நீட்டினாள்.

"பாடு," என்றாள்.

"வேண்டாம் லீட்டா."

"பாடுடி."

அந்தப் பக்கம் டால்டன் எடுத்தான். "என்ன கண்ணு, கூத்தெல்லாம் நல்லா நடக்குதா? எனக்கு ஏதாவது வாங்கினியா?" என்று சிரித்தான்.

கார்லீன் பாடினாள். அழுதுகொண்டே, சுருதி இல்லாமல், மூன்று வரியையும் பாடினாள்.

போனில் சிரிப்பு நின்றது. இது என்ன பாட்டு என்று அவன் கேட்டிருக்கலாம். ஏன் அழுகிறாய் என்று கேட்டிருக்கலாம். எனக்குள் இருந்த முட்டாள் ஒருத்தி அவன் அப்படிக் கேட்டுவிட மாட்டானா என்று இன்னமும் காத்துக்கொண்டிருந்தாள்.

டால்டன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "கார்லீன், லீட்டா பக்கத்துல இருக்காளா?"

லீட்டா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இருக்கேன்," என்றாள்.