சிவபாக்கியம் ஆடவே இல்லை

பெருமாள்மலை பிரவுசிங் சென்டரில் நான்தான் எல்லாம். முதலாளி சுவாமிநாதன் காலையில் சாவி கொடுக்க மட்டும் வருவார். கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் ஏற்றிவிடாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிற புண்ணியவானும் அவர்தான். அவருக்குத் தெரியாமல் என் பென்டிரைவில் ஒரு குட்டி சாப்ட்வேர் இருந்தது. சொருகிக் கிளிக் செய்தால் ஓடும். எந்த வீடியோவையும் டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது பேத்துப்பாறை மாரியாயி அக்காவால்தான். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்து நான்கில் கப்பலேறி வந்தவள். கட்டிக்கொடுத்துவிட்ட அவள் அக்கா சிவபாக்கியம் அங்கேயே தங்கிவிட்டாள். முப்பத்தைந்து வருஷமாக இருவருக்கும் நடுவில் அடுத்தவர் எழுதிக்கொடுத்த கடிதம்தான். இப்போது பழனிக்குச் சாமி கும்பிட வந்த அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர், சிவபாக்கியத்தைச் செல்போனில் வீடியோ எடுத்து சிடியில் கொண்டுவந்திருந்தார். வீட்டு டிவியில் அது ஓடவில்லை.

"மொகம் போட்டோவுல கெடக்கு, புவனா. அவ கொரலுதான் மறந்துபோச்சு. அதைக் கேக்க வச்சிரு தாயி."

"இவ்வளவுதானக்கா? டீ குடிச்சிட்டு வாங்க."

மாற்றிப் போட்டால் படம் வருகிறது, பேச்சு வரவில்லை. தீப்பெட்டி அளவுப் படம், கட்டம் கட்டமாக. வாய் அசைகிறதா என்றுகூடத் தெரியவில்லை. வாசலில் ஜீப் ஹாரன் வேறு. சத்தத்துக்கான செட்டிங்கை மாற்றி மறுபடி ஓட்டினேன். அதே கதி. மூன்றாவது தடவை பாதியில் கரண்ட் போனது.

"கொரலு வந்துருச்சா?" என்று அக்கா ஐந்தாம் முறையாகக் கேட்டாள்.

"நொய்நொய்ங்காதீங்கக்கா! வந்தா சொல்ல மாட்டேனா?"

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. கரண்ட் வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். தகரக் கூரையில் மழை பெய்தது. ஒரு கோழி கொக்கரித்தது.

"அக்கா, சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க அக்காதான் வாயத் தொறக்கல!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "போட்டோன்னு நெனச்சு உக்காந்திருக்கா! அங்க இருக்கையில, அவளக் கட்டிக்குடுக்குறதுக்கு முந்தி, பாஸ்போட்டுக்குக் குடும்பத்தோட போட்டோ புடிச்சாங்க. ரெண்டு பேருல ஒருத்தி ஆடிட்டோம். படம் கெட்டுப்போச்சு. எங்கப்பா அவளப் பளார்னு அறைஞ்சிட்டாரு. அன்னைலருந்து கேமராவக் கண்டா மூச்சுகூட விடமாட்டா."

ஹெட்போனை அவள் காதில் ஒன்றும் என் காதில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினோரு நிமிஷம். சிவபாக்கியம் கண்ணைக்கூடச் சிமிட்டியதாகத் தெரியவில்லை. கடைசியில் ஓர் ஆண்குரல், "போதும் பெரியம்மா" என்றது. படத்தில் அவள் தோள் மெல்ல இறங்கியது.

"முடிஞ்சிச்சா தம்பி? நான் ஆடவே இல்லைன்னு மாரிகிட்ட சொல்லு. அவளுக்குத்தான் ஆடாம இருக்க ஏலாது."

அத்தோடு படம் நின்றது. மாரியாயி அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"அக்கா, பேசுற எடத்த மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிரட்டுமா? வெரசா முடிஞ்சிரும்."

"வெட்டாத புவனா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஆடுனது நாந்தான். அவ வாயே தொறக்காம அடிய வாங்கிக்கிட்டா. முழுசா இருக்கட்டும்."

முழுசாகவே ஏற்றிக் கொடுத்தேன்.