சவுனாவுக்குப் பிறகு அளந்தது

"காலையில எழுந்ததும் அளக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே, சைமி..."

"சொன்னே, சொன்னே! சொல்லிட்டு, சனிக்கிழமை எங்க சவுனா வாசல்ல உட்கார்ந்து காபி குடிச்சது யாரு?"

"நான் சொல்ல வர்றதை..."

"நீ கேளுடி முதல்ல!"

சிர்க்கா வாயை மூடிக்கொண்டாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அந்த உரிமையில் வந்த 'டி'. மேசைமேல் சைமியின் கணவன் வெய்க்கோவின் குறிப்பேடு திறந்து கிடந்தது. ஆறு மாத ரத்த அழுத்தம்: நூற்றிருபத்தாறு, நூற்றிருபத்தெட்டு, மறுபடி நூற்றிருபத்தாறு. எழுதியவன் பக்கவாதத்தில் வலது கை விளங்காமல், பேச்சிழந்து, நகர ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

மாவட்டத்துக்கே புது ஆராய்ச்சி அது. நோயாளிகள் அலையாமல் வீட்டிலேயே தினமும் அளந்து எழுத வேண்டும். அதைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். இந்த ஊரின் நாற்பது வீடுகளுக்கும் நர்ஸ் சிர்க்காதான் பொறுப்பு. ஆனால் ஊர் ஆண்கள் சனிக்கிழமைதான் கருவியைத் தொட்டார்கள். சவுனா என்ற நீராவிக் குளியல் அறையில் வெந்து, உடம்பு தளர்ந்து கிடக்கும்போது கையில் பட்டையைச் சுற்றி, வந்த எண்ணையே வாரம் முழுவதுக்கும் எழுதினார்கள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் அழுத்தம் இறங்காது?

"மாத்திரையைப் பாதியாக்கினாங்க. எனக்கு இருபது வயசு உடம்புன்னு பீத்திக்கிட்டாரு மனுஷன். இப்போ டாக்டர் என்னைக் கேக்குறாரு, சமையல்ல உப்பு ஜாஸ்தியான்னு. உப்பு மீனைப் போட்டுப் போட்டு நானே அவரைப் படுக்க வெச்சுட்டேன்னு ரெண்டு நாளா அழறேன்டி."

சிர்க்காவின் முகம் கன்றியது. ஒரு சனிக்கிழமை அந்த ஈரக் கையில் பட்டையைச் சுற்றிவிட்டதே அவள்தான். எண்ணைப் பார்த்துச் சிரித்ததும் அவள்தான். தப்பு என்று தெரியும். ஆனால் மற்ற ஊர்களில் பாதிப் பேர் ஏட்டைத் திறக்கவே இல்லை. இங்கே நாற்பதும் நிரம்பியிருந்தன. 'தினமும் காலையில் அளந்தது' என்று அறிக்கை எழுதினாள். மாவட்டக் கூட்டத்தில் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

"உப்பு இல்ல, சைமி." சிர்க்கா ஏட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த எண்ணெல்லாம் தப்புன்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்."

அடிப்பாள் என்று காத்திருந்தாள். சைமி அடிக்கவில்லை. குறிப்பேட்டை மூடி, அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"நாளைக்கு சனிக்கிழமை. இன்னும் முப்பத்தொன்பது வீட்டுல சவுனா காயும். நீ போய்ச் சொல்றியா, நான் போகட்டுமா?"