மூன்றாவது குகையின் லிஃப்ட்

மாமியாரோடும் ஒரு நாயோடும் ஐந்து நாள் காரில் சுற்றுவதற்கு லிஃப்ட் மெக்கானிக் ஒப்புக்கொண்டான் என்று சொல்ல முடியாது, மாட்டிக்கொண்டான். திட்டம் போட்டவள் அவன் மனைவி. முப்பது வருஷம் புவியியல் டீச்சராக இருந்து குகைகளைப் புத்தகத்தில் மட்டுமே காட்டிய அம்மா, ஓய்வு பெற்ற பிறகாவது நேரில் பார்க்கட்டும் என்று நான்கு குகைகளுக்கு டிக்கெட், தங்க இடம் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனால் அவள் நர்ஸ். கிளம்புவதற்கு முந்தின நாள் மருத்துவமனையில் அவளுடைய லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்களேன். அம்மா என்ன கடிச்சா வைக்கப் போறாங்க?" என்றாள்.

அத்தை கடிக்கவில்லை, பேசவும் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கேள்வி அவனுக்குச் செரிக்கவில்லை. காரில் அத்தை வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, "இடது பக்கம் மாப்பிள்ளை", "வலது பக்கம் மாப்பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இருவருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு வந்தது அவருடைய நாய். குட்டையான, மீசை வைத்த நாய். யாரைப் பார்த்தாலும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது போன்ற முகம். அதனால் அதற்கு ஜட்ஜ் என்று பெயர்.

முதல் குகையில் நாய்க்கு அனுமதி இல்லை. அவன் வெளியே மரத்தடியில் ஜட்ஜைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றான். இரண்டாவதில் விட்டார்கள். ஜட்ஜ் தன் குரலின் எதிரொலியோடு சண்டை பிடித்துத் தோற்று, அவன் காலுக்கடியில் பதுங்கியது. மூன்றாவதில், சின்ன நாயைப் பையில் போட்டு மார்பில் மாட்டிக்கொண்டால் போதும் என்றார்கள். மாட்டிக்கொண்டவன் அவன்தான்.

அந்தக் குகைக்குப் பாறையைக் குடைந்து லிஃப்ட் போட்டிருந்தார்கள். எண்பது மீட்டர் கீழே இறங்க வேண்டும். ஏறும்போதே அவன் காது விழித்துக்கொண்டது. கதவு மூடி முடிக்கும் இடத்தில் ஒரு தயக்கம். பிறகுதான் லிஃப்ட் நகர்ந்தது. லீவில் வந்தவனுக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டான்.

வார நாள் மத்தியானம் என்பதால் கூட்டமே இல்லை. அவர்கள் இருவரும், வழிகாட்டிப் பெண்ணும்தான். அவள் டார்ச்சை அடித்து, கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி வளர்ந்த கல் விழுதுகளைக் காட்டினாள். அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றார். அவர் முகம் அப்படி இளகி அவன் பார்த்ததே இல்லை.

திரும்பி மேலே வரும்போது, பாதி தூரத்தில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்து, மூலையில் சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது.

வழிகாட்டிப் பெண் சுவரிலிருந்த போனை எடுத்தாள். மேலே டிக்கெட் கொடுத்த ஆள்தான் பேசினார். டவுனிலிருந்து மெக்கானிக் வரவேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

ஒரு மணி என்றால் இரண்டு மணி. இந்தக் கணக்கு அவனுக்கு அத்துப்படி. பதினான்கு வருஷமாக எத்தனையோ மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, பத்து நிமிஷம்தான்" என்று சொன்னவன் அவன். உள்ளே இருப்பவர்கள் அழும்போது, படித்தவர்கள் இப்படியா என்று மனசுக்குள் சிரித்திருக்கிறான். கதவின் இந்தப் பக்கத்தில் அவன் நின்றதே இல்லை.

லிஃப்ட் விழாது. கம்பிகள் எத்தனை, எவ்வளவு தாங்கும், எல்லாம் அறுந்தாலும் எது பிடித்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் தலையிலேயே நின்றது, நெஞ்சுக்கு இறங்கவில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். நான்கு பக்கமும் பாறை என்ற நினைப்பு வந்ததும் மூச்சு பாதியில் நின்றது. பையிலிருந்த ஜட்ஜ் நிமிர்ந்து அவன் தாடையை நக்கியது.

"மாப்பிள்ளை, உக்காருங்க," என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை."

"வேர்த்துக் கொட்டுது. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. வழிகாட்டிப் பெண்ணிடமிருந்து போனை வாங்கினான்.

"அண்ணே, நானும் லிஃப்ட் மெக்கானிக்தான். மேல மெஷின் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா நான் உள்ள போனதில்லையே."

"பரவாயில்ல. மெயின் சுவிட்சை அணைங்க. மோட்டார் பக்கத்துல ஒரு நீள நெம்புகோல் மாட்டியிருக்கும். அதைப் பிரேக்ல போட்டு அழுத்தணும். நாங்க மூணே பேரு, கம்பியோட மறுமுனையில தொங்குற எடை எங்களைவிட அதிகம். நெம்புகோலை அழுத்திப் பிரேக் தளர்ந்தா லிஃப்ட் தானா மேல வரும். விட்டு விட்டு அழுத்தினா..."

"கை கிய் மாட்டிக்காம பாத்துச் சொல்லுங்க தம்பி," என்றது போனில் நடுங்கிய குரல். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

அத்தை அவன் முழங்கையைத் தொட்டார்.

"ஒரே ஒரு கேள்வி. நீங்க வெளியில இருக்கீங்க, உள்ள மாட்டின ஒருத்தர் வாட்ச்மேனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?"

கூட வேலை பார்த்த ஒருவன் இதே மாதிரி பிரேக்கில் இரண்டு விரல்களை இழந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவனாவது வேலை பழகிய ஆள். மேலே இருப்பவரோ டிக்கெட் கிழிப்பவர். நெம்புகோலை ஒரு நொடி கூடுதலாக அழுத்திப் பிடித்துவிட்டால் லிஃப்ட் எந்த வேகத்தில் போய் எங்கே முட்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, வேணாம்," என்றான். "அந்த ரூமுக்குள்ளயே போகாதீங்க. டவுன் மெக்கானிக்கே வரட்டும்."

போனை மாட்டினான். தரையில் சரிந்து உட்கார்ந்தான். அத்தையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை," என்றான்.

"தெரியுது."

"சிரிக்காதீங்க."

"நான் எதுக்குச் சிரிக்கணும்? முதல் நாள் கிளாஸ்ல ஐம்பது பேரைப் பார்த்துட்டு, பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டவ நான். ஹெட்மாஸ்டர் வந்து கதவைத் தட்டினார்."

வழிகாட்டிப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு அவளும் உட்கார்ந்து, தனக்கு இது மூன்றாவது வாரம் என்றும், இப்போதே வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாள். ஒரு மணி நேரம் தாண்டியதும் ஜட்ஜ் பொறுமை இழந்து முனகியது. விஷயம் புரிந்து அத்தை தன் மழைத் தொப்பியைக் கழற்றித் தரையில் மல்லாக்க வைத்தார். ஜட்ஜ் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கௌரவத்தோடு காரியத்தை முடித்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் சுவர்கள் மறுபடி நெருங்கி வந்தன. கண்ணை மூடினால் இன்னும் மோசம். மிச்ச நேரம் முழுக்க அத்தை தனக்குத் தெரிந்த ஆறுகளை, பிறக்கும் இடத்திலிருந்து கடல் சேரும் இடம் வரை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இரண்டு மணி நேரமும் கொஞ்சமும் ஆன பிறகு மேலே சத்தம் கேட்டது. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறியது. வெளியே வந்ததும் அந்த ஊர் மெக்கானிக், கதவு பூட்டும் இடத்தில் ஈரம் பட்டுத் தொடர்பு விட்டுப்போயிருந்தது என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். புல்தரையில் மல்லாந்து படுத்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தான்.

மறுநாள் நான்காவது குகை. லிஃப்ட் கிடையாது, நடந்தே போகலாம். வாசலில் டிக்கெட்டை நீட்டப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"என்னால முடியல அத்தை. நீங்க பார்த்துட்டு வாங்க."

"அப்ப இப்பவே வீட்டுக்குப் போயிடலாமா?"

"வேணாம். நீங்க பார்க்கணும். எனக்கு வந்து சொல்லுங்க."

அத்தை தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் போவதுபோல விறுவிறுவென்று உள்ளே நடந்தார். அவன் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு, ஜட்ஜோடு பின்சீட்டில் உட்கார்ந்து குகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.